குளத்தங்கரையில் வாப்பா சொன்னது

என் குஞ்சு மகனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் ராத்தா ஃபஹ்மியாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறோம், கட்டார் வெயிலில் நீயும் சுகமாக இருக்கத் தொழுகைக்குத் தொழுகை துஆ கேட்கிறேன். போனில் கதைத்தால் அழுகை முந்திவிடுகிறது, அதனால் லீவில் வந்து கட்டாருக்குத் திரும்பிப் போகிற ரிஷாத்தின் கையில் இதை எழுதிக் கொடுக்கிறேன், பிழை பார்க்காதே.

போன வியாழன் என் இத்தா முடிந்தது. வாப்பா மௌத்தானதிலிருந்து நாலு மாதமும் பத்து நாளும் வாசல் இறங்கவில்லை. முதலில் எங்கே போவோம் உம்மா என்று ஃபஹ்மியா கேட்டாள், குளத்தடிக்கு என்றேன். நீ போகும்போது பற்றையாகக் கிடந்த இடம், இப்போது சுற்றிவரக் கல் பதித்து, குந்தியிருக்க வாங்கு போட்டு, பிள்ளைகளுக்குச் சறுக்குமரமும் வைத்திருக்கிறார்கள். அசருக்குப் பிறகு ஊர்ச்சனம் அங்கேதான் நடக்கிறது. வாப்பாவும் ஒரு துண்டுப் பாணைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவார், ஜப்பான் மீனுக்குக் கொடுக்க. அவர் இருந்த வாங்கைப் பார்க்கத்தான் போனேன்.

அங்கே அவருடைய கூட்டாளி நூர்தீன் நானா இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி, "தங்கச்சி, ரெண்டு தரம் படலையடிக்கு வந்தேன், திருப்பி அனுப்பீட்டீங்க" என்றார். உண்மைதான். இத்தாவில் அந்நிய ஆணின் குரலே காதில் விழக்கூடாது என்று நினைத்து, போகச் சொல்லி ஃபஹ்மியாவிடம் சொல்லிவிட்டேன். தேவையான கதையைத் திரைக்குப் பின்னால் நின்று கேட்கலாமாம், மௌலவியின் மனைவி மர்ளியா இப்போதுதான் சொல்கிறாள். படிப்பில்லாதவள், தெரியாமல் செய்துவிட்டேன், என்னை மன்னித்துக்கொள்.

அவர் கொண்டுவந்தது உனக்குரிய கதை மகன். சொல் கேளாமல் கட்டார் போனாய் என்று வாப்பா மூன்று வருடம் உன்னோடு கதைக்கவில்லை, அந்தக் கோபத்தோடேயே போய்விட்டாரே என்று நீ அழும்போதெல்லாம் நானும் சேர்ந்து அழுதேன். மௌத்தாவதற்கு முதல்நாள் வாப்பா அந்த வாங்கில் இருந்து அவரிடம் சொன்னாராம், "மகன்ட மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல நூர்தீன். அவன் வந்தா ரெண்டு பேருமா இந்தக் குளத்த ஒரு சுத்து நடக்கணும்." உம்மாவின் காதில்தான் போடவேண்டும் என்று மனிதர் இவ்வளவு நாளும் வைத்திருந்திருக்கிறார்.

இனி அழாதே. நேரத்துக்குச் சாப்பிடு, வெள்ளிக்கிழமையில் யாஸீன் ஓத மறக்காதே. லீவு கிடைத்தால் வா, அந்த ஒரு சுற்றை நான் உன்னோடு நடக்கிறேன். அல்லாஹ் உனக்கு ரஹ்மத் செய்வான்.

ஒன்றுதான் எனக்கு ஆறவில்லை. எப்போது கோபம் விடுவீர்கள் என்று மூன்று வருடமாகச் சோற்றுக் கோப்பையை வைத்துக்கொண்டு கெஞ்சியவள் நான். அங்கே சொன்னதை ஏன் மகன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனார்?

உன் உம்மா,
சித்தி ஸுலைஹா