பதினேழு பக்கச் சம்மதம்

பனச்சமூடு
4.6.2024

ஷிஜா அப்பாவுக்கு,

கர்த்தர் கிருபையால் என் மார்பில் உள்ள கட்டியைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். போனில் என்றால் நீங்கள் அழுகிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

திருவனந்தபுரம் ஆசுபத்திரியில் ஒரு புதிய மருந்தைச் சோதித்துப் பார்க்கிறார்கள். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை, மீதிப் பேருக்கு அதோடு புதிய மருந்தும் உண்டு. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போடுமாம். பிரசீதா டாக்டர் என்னைச் சேரச் சொன்னார். “எனக்கு பேடியாக்கும்” என்று வந்துவிட்டேன்.

பயமெல்லாம் இல்லை. அவர்கள் தந்த சம்மதத் தாள் பதினேழு பக்கமும் மலையாளம். முதல் நாள் என்ன மொழி என்று கேட்டபோது, நம் ஆட்கள் எல்லாரும் சொல்வதுபோல மலையாளம் என்றேன். ஆசுபத்திரியில் மலையாளம், சபையில் தமிழ் என்பதுதானே நம் வழக்கம்? பேசத்தான் தெரியும், எழுத்துக் கூட்டத் தெரியாது. பெண்கள் ஐக்கியச் செயலாளர் நான், இதை எப்படி வெளியே சொல்ல? ஷிஜாவிடம்கூடச் சொல்லவில்லை. ஜூலையோடு ஆள் சேர்ப்பது முடிகிறது.

உங்கள்
லீலாபாய்


சோஹார்
15.6.2024

என் லீலா,

உன் கடிதத்தைக் கம்பெனி மெஸ் அடுப்படியில் நின்றே வாசித்தேன். ஐம்பது பேருக்கு வைத்த பருப்பு அடிப்பிடித்தது.

சோதனை என்றால் எலிக்குச் செய்வது என்றிருந்தவன் நான். வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கூட வேலை பார்க்கும் அதியன்னூர் அனில் விடவில்லை. “அண்ணாச்சி, வேண்டாம்னா வேண்டாம். ஆனா அது மைனி வாசிச்சிற்று சொல்லணும்” என்றான்.

எனக்கு இப்போதும் பயம் உண்டு, உன்னிடம் என்ன மறைப்பு. ஆனாலும் மீன்காரியிடம் ஒரு சாளை அதிகம் கேட்டு வாங்காமல் நீ திரும்பியதுண்டா? போய்த் தமிழில் தாள் கேள். இங்கே மெஸ்ஸில் உள்ள நிபின் ஊருக்கு வருகிறான், இதை அவன் கையில் தருகிறேன்.

உன்
விஜயதாஸ்


பனச்சமூடு
27.7.2024

ஷிஜா அப்பாவுக்கு,

கேட்டுவிட்டேன்! “டாக்டரே, எனக்கு மலையாளம் வாசிக்க அறியாது” என்றதும் பிரசீதா டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “சேச்சி, இதுவரை சேந்த எண்பத்திநாலு பேர்ல உங்க பக்கத்து ஆள் ஒருத்தர்கூட இல்ல. எல்லாருக்கும் பேடின்னு நாங்க எழுதி வச்சோம். இந்த மருந்து உங்க ஆளுகளுக்குக் கேக்குமான்னு பின்ன எப்படித் தெரியும்?” என்றார். பக்கத்தில் இருந்த வெள்ளறடை சுமி மெல்ல, “எனக்கும் தமிழாக்கும்” என்றாள். பாருங்கள், ஒரு பெஞ்சில் இரண்டு கள்ளிகள்.

தமிழ்த் தாள் வந்தது. அதுவும் யாருக்கும் விளங்காத தமிழ். நானும் சுமியும் பென்சிலோடு உட்கார்ந்து, விளங்காத இடத்தையெல்லாம் சொல்லச் சொல்ல அவர்கள் மாற்றினார்கள். மாற்றிய தாளுக்கு ஆசுபத்திரிக் கமிட்டி சம்மதித்து, நேற்று முன்தினம் கையெழுத்துப் போட்டேன். இப்போது நம் பக்கத்து ஆட்கள் ஆறு பேர்.

இனிச் சொல்வதைக் கேட்டு அழக்கூடாது. புதிய மருந்து சுமிக்கு விழுந்தது. எனக்கு வழக்கமானதுதான். கொஞ்சம் அழுதேன், ஒளிக்கவில்லை. டாக்டர் என் கையைப் பிடித்து, “எப்ப வேணும்னாலும் விலகலாம் சேச்சி” என்றார்.

“அது பன்னிரண்டாம் பக்கத்துல உண்டு, வாசிச்சாச்சு” என்றேன். “நான் போனா சுமியை யாருகூட ஒத்துப்பாப்பிய? நான் இருக்கேன்.”

உங்கள்
லீலாபாய்