பெயர் தெரியாத வேலி

ஓடைமங்கலம்
3.3.1973

அன்புள்ள தம்பி பஞ்சநாதனுக்கு அக்கா நாகம்மாள் எழுதுவது.

நீயும் சௌந்தரநாயகியும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே என் சுகத்தைக் கேட்காதே. அப்பா போய் இன்றோடு நாற்பத்தொரு நாள். தந்தி கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தாய். சரி, கிடைக்கவில்லை.

இத்துடன் தினத்தாளில் அழுத்திக் காயவைத்த ஒரு கிளை இருக்கிறது. பூ, மொட்டு, அடி இலை எல்லாம் சேர்த்துத்தான் பறித்தேன். கல்லூரியில் நீ செடிகளைக் காகிதத்தில் ஒட்டிப் பெயர் எழுதும்போது அப்படித்தான் வேண்டும் என்று முன்பு சொல்லியிருக்கிறாய். பூ காயுமுன் வெளிர் ஊதாவாக, ஊமத்தம்பூப்போல வாய் விரிந்திருந்தது. இலை வெற்றிலை மாதிரி. ஒடித்தால் பால் வடிகிறது. மாடு வாய் வைப்பதில்லை. சிலர் காட்டாமணக்கு என்கிறார்கள். அந்த இலை இப்படியா இருக்கும்? இதன் சரியான பெயர் என்ன, எந்த நாட்டிலிருந்து வந்தது, எத்தனை வருஷத்தில் ஆள் உயரம் வளரும் என்று நீ எழுத வேண்டும்.

எதற்கு என்று உனக்குத் தெரியும். நாம் இருபது வருஷம் குத்தகைக்குப் பயிரிட்ட மேலக்கொல்லையைச் சுற்றி மிராசுதார் துரைராசு போட்ட வேலி இது. குத்தகைக்காரன் பெயரைப் பதியச் சட்டம் வந்து அப்பா மனுக் கொடுத்ததும், அந்த இடம் என்றைக்குமே தன் சொந்தச் சாகுபடி என்று அவர் சத்தியம் பண்ணினார். சாட்சி இந்த வேலிதான். அவர் அப்பா நாற்பது வருஷம் முன்னால் வைத்த நொச்சி வேலியாம். நொச்சி! ஆயுளில் ஒரு வேலிக்குச்சியைத் தொட்டிருந்தால் அப்படிச் சொல்லியிருப்பாரா? நொச்சிக்கு இலை ஐந்து விரலாக இருக்கும், பூ பொடிப்பொடியாக இருக்கும். ஆனால் பார்க்க வந்த அதிகாரி ஜீப்பைவிட்டு இறங்கவில்லை. இளநீரைக் குடித்துக்கொண்டே தலையாட்டினார்.

அப்பா மட்டும் ஜீப் பக்கத்தில் போய் நின்று, இது நொச்சி இல்லை, நட்டு இரண்டு வருஷம்கூட ஆகவில்லை என்றார். அப்படியானால் இதற்குப் பெயர் என்ன என்று கேட்டார் அதிகாரி. அப்பா தெரியாதுங்க என்றார். பெயர்கூடத் தெரியாத செடியை வைத்தா வழக்காட வந்தாய் என்று அதிகாரி சிரிக்க, துரைராசுவும் சிரித்தார். ஊர் முன்னால் அப்பாவைப் பொய்யன் என்றார். அன்றைக்குப் படுத்தவர்தான். பதினோராம் நாள் முடிந்துவிட்டது.

தம்பி, பெயர் தெரிந்தவன் யார் என்று அப்பாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். உன் கல்லூரி வேலைக்குத் துரைராசு சிபாரிசுக் கடிதம் கொடுத்தார் என்பதற்காக, போன வருஷத்துக்கு முந்தின ஆடியில் நீ ஈரச்சாக்கில் சுற்றி ஒரு கட்டுக் குச்சி கொண்டுவந்தாய். தென்னமெரிக்காச் செடி, நம் சூட்டுக்கு வெறியாக வளரும், ஆடுமாடு தின்னாது என்று அவரிடம் பெருமையாகச் சொன்னாய். பஸ் நிற்கும் இடத்திலிருந்து அந்தச் சாக்கைத் தலையில் சுமந்தது அப்பா. துரைராசு காட்டிய இடத்தில் நட்டதும் அப்பா. ஆடு வராமலிருக்க வைக்கிறார் என்று நம்பித்தான் நட்டார்.

ஜீப் முன்னால் உன் பெயரைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று அன்று சாயங்காலம் நான் அப்பாவோடு சண்டை போட்டேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவன் பேர மட்டும் எடுக்காத தாயி. வேல போயிரும்."

என்னிடமும் வாக்கு வாங்கிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டே செத்தார். காரியத்துக்குத் துரைராசு மாலையோடு வந்தார். நான் வாங்கிக் கொல்லைப்புறத்தில் எறிந்தேன்.

அந்த அதிகாரி தள்ளிவிட்ட மனுவுக்கு இந்த மாதம் பத்தொன்பதாம் தேதி நாகப்பட்டினத்தில் அப்பீல் வாய்தா. எனக்கு நிலம் இரண்டாம் பட்சம். அப்பாவைப் பொய்யன் என்ற அந்த வாய், நாலு பேர் முன்னால் 'நான் சொன்னது பொய்' என்று சொல்ல வேண்டும். அதைக் காதால் கேட்காமல் எனக்குச் சோறு இறங்காது. நீ வந்து செடியின் பெயரையும், அதை எப்போது யார் கொண்டுவந்தது என்பதையும் சொன்னால் போதும். வேலை போனால் போகட்டும். உழுது பிழைக்க மூன்று மா கொல்லை இருக்கும்.

அப்பாவிடம் கொடுத்த வாக்குக்காக அப்பீல் மனுவில் உன் பெயரை எழுதவில்லை. அது பத்தொன்பது வரைக்கும்தான். அந்த வேலியிலிருந்து ஒரு குச்சி ஒடித்து நம் வாசலில் நட்டிருக்கிறேன், துளிர்த்துவிட்டது. போகிற வருகிறவர்கள் இது என்ன செடி என்று கேட்கிறார்கள். நீ வந்துவிட்டால் சரியான பெயரைச் சொல்வேன். வராவிட்டால் பஞ்சநாதன் செடி என்று சொல்வேன். வயலுக்குப் போகும் பெண்கள் ஒரே போகத்தில் அந்தப் பெயரை ஏழு ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள். உன் பிள்ளையின் பிள்ளை வந்தாலும் இங்கே அதை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

நீ நூறு வயது இருக்க வேண்டும், தம்பி. பதினெட்டாம் தேதி ராத்திரிச் சாப்பாட்டுக்கு உனக்கும் சேர்த்து உலை வைப்பேன்.

உன் அக்கா
நாகம்மாள்