பாஸான ஈரல்

மார்ச் 4
மதுக்கடைகளை மூடி ஒரு மாதமாகிறது. தம்பி என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டான். கை நடுங்கவில்லை. சாப்பாட்டில் உப்பில்லை என்று குறை வேறு! போன வருஷம் மண்ணைப் போட்டிருந்தாலும் தின்றிருப்பான். வாய் தவறி அரசாங்கத்தைப் பாராட்டிவிட்டேன்.

மார்ச் 19
கண் பட்டுவிட்டது. மதுவிலக்குச் சட்டத்தில் திருத்தமாம். குடித்து ஈரல் கெட்டவர்கள் திடீரென்று நிறுத்தினால் ஆபத்தாம். அதனால் ரத்தப் பரிசோதனையில் ஈரல் கெட்டதாக வந்தால் குடிக்க உரிமம் உண்டு. மருந்து கொடுத்து நிறுத்த வைக்கலாமே என்று திருத்தம் எழுதிய கமிட்டியில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ரத்தம் எடுப்பது எங்கள் ஆஸ்பத்திரி லேப். அதாவது, நான்.

ஏப்ரல் 2
வாசல் வரை வரிசை. நல்லபடியாக வர வேண்டுமே என்று பயந்து கை நீட்டுகிறவர்களைத்தான் இத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன். இன்று வந்த வங்கி மேனேஜர், "கொஞ்சம் மோசமா வர மாதிரி பாருங்க மேடம்" என்று குழைகிறார். நார்மல் என்று வந்த ரிட்டயர்டு வாத்தியார் சண்டைக்கே வந்துவிட்டார்.
"முப்பது வருஷமா குடிக்கிறேன். நார்மலா? உங்க மெஷின் கெட்டுப்போச்சு!"
"உங்க ஈரலைத் தவிர எல்லாமே கெட்டுப்போச்சு சார்."
கடைசி ஆளாகத் தம்பி. அவனுக்கும் நார்மல்! ஸ்டோர் ரூமுக்குள் போய்ச் சந்தோஷத்தில் அழுதேன். வெளியே வந்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறான்.
"என்னக்கா, ஃபெயிலாக்கிட்டியே!"

ஏப்ரல் 3
பேச மாட்டேன் என்கிறான்.

மே 11
திருட்டுச் சரக்கு குடிக்கிறான். கேட்டால், அடுத்த டெஸ்டுக்குத் தயாராகிறானாம்.
"லைசென்ஸ் கெடச்சா நல்ல சரக்கா, அளவா குடிப்பேன்ல? உடம்புக்காகத்தான்க்கா."
யார்கிட்டப் போய் அழறது? கெட்டுப்போனாலும் நார்மல்னு எழுதிடலாமா — எழுதினால் இன்னும் குடித்துவிட்டு வருவான். உள்ளதை எழுதினால் உரிமத்தோடு குடிப்பான். இப்படி ஒரு முட்டுச்சந்தைக் கட்ட எத்தனை படித்தவர்கள் கூடினார்களோ.

ஜூன் 20
தம்பி ரத்தத்தில் எல்லா அளவும் எகிறிக் கிடந்தது. நம்பாமல் இரண்டாம் முறையும் போட்டுப் பார்த்தேன். அதேதான். உள்ளதை எழுதிக் கொடுத்தேன்.
"பாஸ்க்கா!" என்று கட்டிக்கொண்டான். லேப் முழுக்க மிட்டாய் கொடுத்தான். இனி ஒரு சொட்டுக்கூடக் குடிக்கக் கூடாது என்று சீட்டில் எழுதிய டாக்டர், அதே பேனாவால் உரிமத்திலும் கையெழுத்துப் போட்டார். தம்பி அதை லேமினேஷன் செய்து சட்டைப் பையில் வைத்திருக்கிறான். அவன் பள்ளிச் சான்றிதழுக்குக்கூட அந்த யோகம் இல்லை.

செப்டம்பர் 8
சட்டவிரோதக் குடி பாதியாகக் குறைந்துவிட்டது என்று சுகாதாரத் துறை அறிக்கை. குறையாமல்? இப்போது எல்லோரும் சட்டப்படிதானே சாகிறார்கள்.

நவம்பர் 14
தம்பியை வார்டில் சேர்த்து நாலு நாள். கண் மஞ்சள், வயிறு வீங்கிக் கிடக்கிறது. ரத்தம் எடுக்க வேறு யாரையும் நான் விடவில்லை. நானே போனேன். நரம்பு பிடிபடவில்லை, மறுபடி நடுங்க ஆரம்பித்திருந்த அவன் கையைப் பிடித்துக்கொண்டு தேடினேன். கண்ணைத் திறந்தான்.
"லைசென்ஸ் புதுப்பிக்கவாக்கா?"
"ஆமாண்டா," என்றேன். "இந்தத் தடவையாவது ஃபெயிலாகிடுடா கண்ணு."