சொல்லாமல் எழும்பியது

11.01.2005, செவ்வாய்

பள்ளிக்கூட முகாமில் யோகம் மச்சாளைப் பார்க்கப் போனேன். கடல் கொண்டுபோன மகளின் உடல் இன்னும் கிடைக்கவில்லை. செத்த வீட்டில் 'போயிட்டு வாறன்' சொல்லக் கூடாதே என்று, திரும்பும்போது பேசாமல் எழும்பினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னகா, சொல்லாமப் போறாய்? என்ட புள்ள செத்துட்டெண்டு ஆருகா சொன்ன?"

முகாமே திரும்பிப் பார்த்தது. அவளுக்காகவாவது அந்த இரண்டு சொல்லைச் சொல்லியிருக்கலாம். கையை உதறிக்கொண்டு வந்துவிட்டேன். நாளைக்கு எந்த முகத்தோடு போவேன்? போனாலும் என்னால் சொல்ல முடியாது. கடல் பொங்கிய அன்று விடிய வலையோடு கடலுக்குப் போன என் வீட்டுக்காரரும் வாசலில் நின்று 'போயிட்டு வாறன்' என்றுதான் சொன்னார்.