வண்டி இல்லாத வீடு

பிளாட்னா, நெப்ராஸ்கா
நவம்பர் 4

அன்புள்ள மிலோ அண்ணா,

இனி நடப்பதை நடந்தபடியே உனக்கு எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். அம்மா அழுதால் அழுதாள் என்றே எழுதுவேன். கோபித்துக்கொள்ளாதே.

வயோமிங்கில் வேலை போய்விட்டது, பிக்கப் வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு வீட்டோடு வந்துவிடுகிறேன் என்று நீ எழுதியதைப் படித்ததும் ஓடிப்போய் உன் அறையைக் கூட்டினேன். அம்மா மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

போன வருஷம் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டி இடித்தாளே, அந்த வண்டியை விற்றாயிற்று. ஆனால் வண்டி இல்லாவிட்டாலும் மூன்று வருஷம் அவள் பெயரில் இன்சூரன்ஸ் இருக்க வேண்டும் என்பது உத்தரவு. ஒரு நாள் விட்டுப்போனாலும் லைசென்ஸ் போய்விடும். மூன்று வருஷம் முதலிலிருந்து தொடங்கும். லைசென்ஸ் போனால் முதியோர் இல்லத்து வேனை அவளை யார் ஓட்ட விடுவார்கள்? அவள் சம்பளமே அதில்தான்.

இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஹ்ருஷ்கா சாரிடம் போனில் பொதுவாகத்தான் கேட்டேன்.

"வண்டி இல்லாதவங்களுக்கான பாலிசிம்மா இது. வீட்டுல இன்னொருத்தர் வண்டி வந்து நின்னா இது செல்லாது. வேற பாலிசி எடுக்கணும், நாலு மடங்கு ஆகும்."

"விருந்தாளி வந்தா?"

"விருந்தாளி வரட்டும், போகட்டும். வீட்டோட தங்கக் கூடாது. ஏன், யாரு வர்றா?"

நான் போனை வைத்துவிட்டேன். நாலு மடங்கு அம்மாவால் முடியாது.

உன் தங்கை,
ஆக்னஸ்

நவம்பர் 11

ஆக்னஸ் குட்டி,

வண்டியை விற்கலாம்தான். என் வெல்டிங் சாமான் எல்லாம் அதில்தான் இருக்கிறது. அது போனால் எனக்குப் பிழைப்பும் போனது. இங்கே அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வேறு போக்கிடம் இல்லை.

வண்டியைத் தானியக் கிடங்குக்குப் பின்னால் விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து வருகிறேன். ஊரில் யாருக்கும் தெரியாது. நீ வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், நீதிபதி அம்மா!

மிலோ

டிசம்பர் 8
(சமையலறை மேஜையில்)

ஆக்னஸ்,

நான் விருந்தாளி, நாளைக்குக் கிளம்பிவிடுவேன் என்று அம்மா ஹ்ருஷ்காவிடம் சொன்னதை மாடிப்படியில் நின்று கேட்டேன். அவள் சொல் பொய்யாக வேண்டாம். விலாசம் கிடைத்ததும் எழுதுகிறேன். வாசலில் கிடக்கும் வயரைச் சுருட்டி வை.

மிலோ

பிளாட்னா
டிசம்பர் 20

அன்புள்ள மிலோ அண்ணா,

நீ எழுதவே இல்லை. அதனால் பழைய விலாசத்துக்கே அனுப்புகிறேன். நீ படியில் நின்று பாதிதான் கேட்டிருப்பாய்.

பக்கத்து வீட்டு டுவேன் மாமா கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடுங்குளிரில் உன் வண்டி கிடங்குக்குப் பின்னால் அநாதையாக நிற்பதைப் பார்த்திருக்கிறார். நம் ஊர் வழக்கப்படி நீயும் சாவியை உள்ளேயே விட்டிருந்தாய். எஞ்சின் உறைந்துவிடுமே என்று ஓட்டிவந்து நம் வாசலில் நிறுத்தி, எஞ்சினைச் சூடாக வைக்கும் ஹீட்டரை நீள வயர் போட்டு வாசல் பிளக்கில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். வாசல் விளக்கைப் போட்டால்தான் அந்தப் பிளக்கில் கரண்ட் வரும் என்பதுகூட அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது.

நாங்கள் சர்ச்சில் பூசை முடிந்து வந்து இறங்கும்போது, தன் மனைவி சுட்ட கொலாச்சி ரொட்டியோடு ஹ்ருஷ்கா சாரும் பின்னாலேயே வந்தார்.

"யாரோட பிக்கப் இது, ரோஸ்மேரி?"

"மிலோவோடது. விருந்தாளியா வந்திருக்கான். நாளைக்குக் கிளம்பிடுவான்" என்றாள் அம்மா.

"நல்ல வேளை. வீட்டோட வந்துட்டானோன்னு பயந்தே போயிட்டேன். அப்படின்னா நான் மேலிடத்துக்குச் சொல்லியே ஆகணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆக்னஸ், நீ பொய் சொல்ல மாட்டியே. அண்ணன் நாளைக்குப் போறானா?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. கையுறையைக் கழற்றிக்கொண்டே இருந்தாள்.

"ஆமா, சார்" என்றேன்.

நீ போய்விட்டதால் நான் சொன்னதும் உண்மையாகிவிட்டது. அதற்கு உனக்கு நன்றி சொல்ல என்னால் முடியவில்லை.

அம்மா வேலைக்குப் போகிறாள். இன்சூரன்ஸ் கட்டியாயிற்று. நீ சொன்னபடி வயரைச் சுருட்டப் போனேன். "இருக்கட்டும், விடு" என்றாள். அதனால் வயர் பிளக்கில் மாட்டியபடியே பனியில் கிடந்தது. வாசல் விளக்கு பகலிலும் எரிந்தது.

இன்று மத்தியானம் ஹ்ருஷ்கா சார் காரை மெதுவாக்கி, கண்ணாடியை இறக்கினார்.

"பகல்லயும் விளக்கு எரியுதே! யாராவது வர்றாங்களா, ரோஸ்மேரி?"

"யாரும் இல்ல சார்" என்றாள் அம்மா, கதவருகே நின்றபடி.

அவர் போனதும் கோட்டுகூடப் போடாமல் வெளியே போனாள். உறைந்துபோன வயரைப் பனியிலிருந்து பிய்த்தெடுத்து, சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். உன் அறைக்குள் கொண்டுபோய் வைத்தாள்.

பிறகு வாசல் விளக்கை அணைத்துவிட்டாள்.

உன் தங்கை,
ஆக்னஸ்