தலைவருக்கு இடது பக்கம்

மார்ச் 3
என் தேர்தல் சுவரொட்டியின் மாதிரி அச்சகத்திலிருந்து வந்தது. தலைவர் முகம் அண்டா அளவு, என் முகம் அஞ்சல் தலை அளவு. எனக்காகப் பிரசாரம் செய்ய இருபது நிமிடம் தருவாராம். "வேணும்னு ஒரு கடிதம் மட்டும் குடுங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்கிறார் மாவட்டச் செயலாளர். அமைச்சராக இருந்தபோது எங்கள் ஆலையை மூடியவர் இந்தத் தலைவர்தான். அண்ணன் அங்கே பத்தொன்பது வருடம் உழைத்தார். எங்கள் தெருவே ஆலைக்காரர்கள் தெரு. கடிதம் கொடுப்பதா, வேண்டாமா?

மார்ச் 5
அண்ணன் இருப்பது எதிர் வீடு. கணவர் போன பிறகு ராத்திரிச் சாப்பாடு எனக்கு அங்கேதான். இன்று கேட்டேவிட்டேன். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "நீ தனியா வந்தா தெருவே உனக்குப் போடும். அந்தாளோட வந்தா நீ யாரோ, நான் யாரோ."
அண்ணி இன்னொரு கரண்டி சோறு வைக்கவில்லை.

மார்ச் 8
செயலாளர் போடும் கணக்கு: "உங்க தெருவுல முந்நூறு போகும், மத்த இடத்துல மூவாயிரம் வரும். இதுல என்னம்மா யோசனை?"
அந்த முந்நூறில் ஒன்று என் அண்ணன் என்று அவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 9
கடிதம் கொடுத்துவிட்டேன். எங்கள் தெருவுக்குள் பிரசார வண்டி வராது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தேன்.

மார்ச் 14
மெயின் ரோட்டில் நெரிசல். பிரசார வண்டியைப் போலீஸ் எங்கள் தெருவுக்குள் திருப்பிவிட்டது. மேலே தலைவர், அவருக்கு இடது பக்கம் நான். கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. அண்ணன் மட்டும் வாசலில் நின்றார். காலையிலிருந்து கும்பிட்டுக் கும்பிட்டுக் கை தானாக எழுகிறது — யாரோ வாக்காளரைப் பார்த்த மாதிரி, பல்லைக் காட்டி, சொந்த அண்ணனைக் கும்பிட்டுத் தொலைச்சேன். என்ன பொம்பளை நான்?
அவரும் பதிலுக்குக் கும்பிட்டார். மரியாதையாக, முன்பின் தெரியாதவரைக் கும்பிடுவதுபோல.

மார்ச் 15
எதிர்க் கதவு திறக்கவில்லை. சமைக்கத் தோன்றவில்லை. பிஸ்கட்.

மார்ச் 22
எங்கள் தெரு வாக்குச்சாவடியில் வாக்களித்தேன். வரிசையில் எனக்கு முன்னாலும் பின்னாலும் இடம் விட்டு நின்றார்கள்.

மார்ச் 26
ஜெயித்துவிட்டேன். இரண்டாயிரத்துச் சொச்சம் ஓட்டு வித்தியாசம். கட்சி அலுவலகத்தில் உட்கார இடமில்லை, அவ்வளவு கூட்டம். சாவடிவாரியாக வந்த தாளைப் புரட்டிய செயலாளர் சிரித்தார். "உங்க தெருச் சாவடியைப் பாருங்கம்மா, நமக்கு ஒண்ணே ஒண்ணு. எவனோ கை தவறி அழுத்தியிருக்கான்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அது நான் போட்ட ஓட்டு.