இளவரசியின் முதுகு

வர்சசாத், மொராக்கோ

என் வீட்டுக்காரர் மொஹாவுக்கு, இத்தோ எழுதுவது. நானும் அத்தையும் நலம். ஸ்பெயினில் உங்களை அல்லாஹ் நலமாக வைத்திருக்கட்டும்.

பாதாம் இந்த வருஷம் பூத்ததோடு சரி, பனி கருக்கிவிட்டது. பெரிய ஆடு குட்டி போட்டிருக்கிறது. அத்தைக்கு முழங்கால் வலி அப்படியேதான்.

கோட்டைக்கு மறுபடி சினிமாக்காரர்கள் வந்திருக்கிறார்கள். சுல்தான் மகள் எதிரிப் படைத் தளபதியை ரகசியமாக நிக்காஹ் செய்துகொள்கிறாள். அவள் அண்ணன் அவனைக் கொன்றுவிடுகிறான். இதுதான் கதை. கதாநாயகிக்கு வெயில் ஆகாதாம். அவள் மதில்மேல் காத்து நிற்கும் காட்சிக்கெல்லாம் என் முதுகைத்தான் படம் பிடித்தார்கள். “இந்தப் பொண்ணு ஒருத்திதான் அசையாம ரோட்டையே பாக்குது” என்று டைரக்டர் சொன்னாராம். நான் நடிக்கவே இல்லை. அங்கிருந்து பார்த்தால் வடக்கே போகும் பஸ் ரோடு தெரியும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு ரக்கியா, “ஏ மகாராணி முதுகே, தண்ணி எடுக்க வர்றியாடி?” என்று ஓயாமல் கேலி செய்தாள்.

நேற்று கடைசிக் காட்சி. தளபதி செத்த பிறகு இளவரசி மதிலில் நிற்க வேண்டும். உடுப்புக்காரி வெள்ளை அங்கியை நீட்டினாள். நம் ஊரில் விதவைதான் வெள்ளை உடுத்துவாள் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். “என் புருஷன் உசுரோட இருக்காரு. நான் இதத் தொட மாட்டேன்” என்றேன்.

“சும்மா படத்துக்குத்தானம்மா” என்றார் மொழிபெயர்ப்பாளர். கூட நடிக்க வந்த நம் ஊர்ப் பெண்களும் அங்கே நின்றார்கள். ரமலானுக்கு முன்னால் வந்ததுதான் உங்கள் கடைசிக் கடிதம் என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கடைசியில் ரக்கியாதான் அங்கியை வாங்கிக்கொண்டாள். “எனக்குப் பழகின துணிதானே, குடு” என்றாள். அதன்பிறகு அவள் என்னைக் கேலி செய்யவில்லை. அவள் கேலி செய்தால் தேவலை என்றிருக்கிறது.

விஷயம் அத்தை காதுக்கும் போயிருக்கிறது. இரவு என் நெற்றியில் முத்தமிட்டார். உங்களைப் பற்றி இப்போதெல்லாம் அவர் கேட்பதே இல்லை.

கோபமென்றால் திட்டி எழுதுங்கள். அங்கே வேறு வீடு, வேறு பெண் என்றால் அதையும் எழுதுங்கள், அழுது தீர்த்துக்கொள்கிறேன். உங்கள் கையெழுத்தாக இருந்தால் போதும். நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று ஊரறியச் சொல்லிவிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

உங்கள் மனைவி,
இத்தோ